அழுவதற்கு ஒரு நல்ல நேரம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை மறைத்துப் பயனில்லை. எங்கள் அங்கன்வாடியில் இருந்து போன பிள்ளைகள் இன்று காலேஜ் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதும் என்னைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட என்னைப் போய், சின்னக் குழந்தைகளுக்குக் கோபம், அழுகை, பயம் இவற்றையெல்லாம் விளையாட்டாகப் புரியவைப்பது எப்படி என்று ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மொதல்ல நீ கத்துக்கிட்டு வா. பொறவு புள்ளைங்களுக்குச் சொல்லித்தரலாம்" என்றார். அன்று சாயந்திரம் அவருக்கு டீ கிடையாது.

பயிற்சி முடிந்ததும் ஒரு படம் கொடுத்தனுப்பினார்கள். வழவழவென்ற தாளில் மஞ்சள் மஞ்சளாக வட்டங்கள். ஒரு வட்டம் சிரித்தது, ஒன்று அழுதது, ஒன்று பல்லைக் கடித்தது. சுவரில் ஒட்டிவிட்டு, "இதெல்லாம் என்ன சாமி?" என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

"லட்டு!" என்றார்கள் ஒரே குரலில்.

"செரி, இந்த லட்டு ஏன் இப்பிடி மூஞ்சிய வெச்சிருக்குது?"

ஒரு பொடியன் யோசித்துவிட்டு, "அத எறும்பு கடிச்சிருச்சுங்க டீச்சர்" என்றான்.

படத்தைக் கழற்றிச் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். கண்ணால் பார்த்திராத மூஞ்சியைக் காட்டி, உன் மனசில் இருப்பது இதுதான் என்று சொன்னால் பிள்ளை எப்படி நம்பும்? எங்கள் மையம் திருச்செங்கோட்டில் இருந்து நாமக்கல் போகும் ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கோழிப்பண்ணை. எங்களுக்குப் பஞ்சமில்லாமல் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான், முட்டை அட்டை. மதியச் சாப்பாட்டுக்கு வரும் முட்டைகளைக் காலி செய்தபின் அந்தச் சாம்பல் நிற அட்டைகள் மூலையில் மலைபோல் குவிந்து கிடக்கும். அவற்றைக் கிழித்து ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு அரைத்தால் களிமண் மாதிரி ஒரு கூழ் வரும். எங்கள் ஆயாம்மா, மையத்தில் சமைப்பவர், "இந்தக் கருமத்தையெல்லாம் நான் ஆட்டமாட்டனுங்க" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டிக் கொடுத்தார்.

அந்தக் கூழில் பிள்ளைகளே மூஞ்சிகள் செய்தார்கள். கோப மூஞ்சிக்கு ஒருவரும் தடுமாறவில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் எல்லாம் திருஷ்டிக்கு ஒரு பூத மூஞ்சியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதே மீசை, அதே உருட்டுக் கண், அதே தொங்கும் நாக்கு. பயந்த மூஞ்சிக்குத் தேங்காய் நாரைத் தலைமயிராக நட்டுவைத்தார்கள். சிரிப்பு மூஞ்சிக்கு முன்பல் இரண்டு கிடையாது. அழுகை மூஞ்சிக்குத்தான் சண்டை வந்தது. கண்ணீர் வைத்தால் போதும் என்றேன். "மூக்கு ஒழுவோணுமுங்க டீச்சர். ஒழுவுலீன்னா அது பொய் அழுவ" என்று ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். மூக்கில் இருந்து உதடு வரைக்கும் ஒரு கூழ்க் கம்பி இறங்கியது.

காய்ந்த மூஞ்சிகளைச் சுவரில் மாட்டினோம். தறிப்பட்டறைகளில் மிஞ்சும் கலர்த் துணிக் கீற்றுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். காலையில் வந்ததும் அன்றைக்கு எந்த மூஞ்சியோடு வந்தார்களோ அதன் அடியில் உள்ள ஆணியில் கட்டவேண்டும். வீட்டில் அடி வாங்கிவிட்டு வந்தவன் மீசைக்காரனுக்கு அடியில் கட்டுவான். பிறகு ஒரு உருண்டைக் கூழை அவன் கையில் கொடுப்பேன். குத்துவான், பிசைவான், தரையில் அறைவான். கை ஓய்ந்ததும் கீற்றை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பொக்கை வாய்க்காரனுக்கு அடியில் கட்டிவிட்டு விளையாடப் போய்விடுவான். எனக்கே ஆசையாக இருக்கும். ஒருநாள் வட்டார அலுவலகத்தில் இருந்து வந்த போனை வைத்துவிட்டு நானும் ஒரு உருண்டை எடுத்து ஓங்கி அறைந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குழந்தை வந்தாள். நாலு வயசு நிறையாத சிட்டு. அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடும் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேயேதான். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது வண்டியும் அவரும் ஊருக்கு வருவார்கள். ஆயுத பூசை கழித்துத் திரும்பக் கிளம்புவார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான். அம்மா தறிக்குப் போகிறவள்.

அந்தக் குழந்தை காலையில் சமர்த்து. பாடுவாள், ஆடுவாள், முட்டையை மஞ்சள் கரு வரைக்கும் சாப்பிடுவாள். தினமும் பொக்கை வாய்க்காரனுக்கு அடியில்தான் அவளுடைய பச்சைக் கீற்று இருக்கும். மதியம் பாய் விரித்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். படுக்கமாட்டாள். மற்ற பிள்ளைகள் தூங்கியதும் ஒவ்வொருவரிடமாகப் போவாள். குனிந்து, இரண்டு விரலால் இமையைப் பிடித்து இழுத்துத் திறப்பாள். தூங்கும் பிள்ளை வீலென்று கத்தும். அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள்.

தூக்கி வைத்துப் பார்த்தேன். கதை சொல்லிப் பார்த்தேன். அதட்டியும் பார்த்தேன். "ஏன் சாமி இப்பிடிப் பண்றே?" என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். "வெளையாட்டுத்தனமுங்க, வேறென்ன" என்றார் ஆயாம்மா. அதில் விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விளையாடும் குழந்தை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். இவள் எங்களைப் பார்க்கவே இல்லை. வேலைக்குப் போகிறவள் மாதிரி வேகமாக, பதட்டமாக, வரிசையாகத் திறந்துகொண்டே போனாள்.

ஒருநாள் நகம் பட்டு ஒரு பையனுக்குக் கண்ணுக்குக் கீழே கீறிவிட்டது. மறுநாள் காலையில் அவன் அம்மா வாசலில் நின்றாள். அவளோடு இன்னும் சில அம்மாக்கள்.

"ஏனுங்க டீச்சர், எம் பையனுக்குக் கண்ணு போயிருந்தா யாருங்க பதில் சொல்றது? அந்தப் புள்ள இங்க வந்துச்சுன்னா எம் பையன நான் அனுப்பலீங்க."

"எம் புள்ளையும் வராதுங்க" என்றாள் இன்னொருத்தி.

பெற்றவர்கள் பயத்தில் தப்பில்லை. அதனால் என் வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டேன். ஆயுத பூசை வரைக்கும் பொறுங்கள், அதற்குள் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நிறுத்தினால் அந்தக் குழந்தை எங்கே போகும்? அவள் அம்மா தறிக்கு இழுத்துக்கொண்டு போவாள். கூப்பிட்டால் காதில் விழாத அந்த இரைச்சலில் ஒரு மூலையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள், தூங்காத கண்ணோடு.

அந்த வாரம் வேறொரு வேலை எடுத்துக்கொண்டேன். முட்டை அட்டையில் முட்டை உட்காரும் குழிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் தனித்தனியாக வெட்டிக் கவிழ்த்தால் விரலில் மாட்டிக்கொள்ளும் சின்னத் தலைகள் ஆகிவிடும். அவரவர் வீட்டு ஆட்களைச் செய்யச் சொன்னேன். ஒருத்தி அம்மாவையும் எருமையையும் செய்தாள், அப்பாவை மறந்துவிட்டாள். இந்தக் குழந்தை அம்மா, அப்பா, தான் என்று மூன்று செய்தாள். கரியால் கண் வைத்தாள். அப்பாவுக்கு மட்டும் கண் பெரிதாக இருந்தது.

"செரி, எல்லாரும் பொம்மைய வெச்சு வெளையாடுங்க. இப்ப மத்தியானம் ஆச்சு, பொம்மைங்களுக்குத் தூக்கம் வருது" என்று சொல்லி, அவளுடைய மூன்று பொம்மைகளின் மேலும் என் கைக்குட்டையைப் போர்த்தினேன்.

அடேயப்பா, அந்தக் குழந்தை போட்ட சத்தம்! கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்தாள். "மூடாதீங்க! மூடாதீங்க! கண்ண மூடுனா அப்பா போயிரும்!"

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "எப்பிடிப் போகும் சாமி? எனக்குக் காட்டு" என்றேன்.

காட்டினாள். பாப்பா பொம்மையைப் படுக்கவைத்தாள். அப்பா பொம்மை அதன் பக்கத்தில் வந்து தட்டிக்கொடுத்தது. பிறகு அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, சத்தமே வராமல், அப்பா பொம்மையைத் தரையில் மெல்ல மெல்ல நகர்த்தினாள். நிலையைத் தாண்டி வெளியே போய், வாசலில் கிடந்த என் செருப்புக்குள் வைத்தாள். அதுதான் வண்டி. உள்ளே திரும்பி வந்து பாப்பாவை நிமிர்த்தினாள். பாப்பா தேடியது. பாய்க்கு அடியில் தேடியது. தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், கதவு மறைவில், அரிசி டிரம்மைச் சுற்றி. ஒவ்வொரு இடமாகப் போய், "காணோம்" என்றாள். அழவில்லை. சும்மா சொன்னாள். "இங்கயும் காணோம்."

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினால் அது மூலையில் கிடந்தது, முந்தானையில் துடைத்தேன். இந்தப் பிள்ளை யாரையும் சீண்டவில்லை. தூங்குகிறவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தூங்கினால் உன் வீட்டு ஆள் காணாமல் போய்விடுவார், எழுந்திரு, எழுந்திரு என்று ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருந்தாள்.

சாயந்திரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா இருந்தார். வடக்கே வெயிலில் கறுத்த ஆள், நகக் கண்ணெல்லாம் கிரீஸ். குழந்தை அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னுங்க டீச்சர், ராத்திரியெல்லாம் எங்கண்ணயும் திறந்து திறந்து பாக்குது. பாத்ரூமு போனாலும் கதவுகிட்டயே நிக்குது. அப்பன்மேல அத்தன பாசமுங்க" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குழந்தையைக் கடைக்கு அழைத்துப் போகும்படி அம்மாவிடம் சொன்னேன். அப்பா கூடவே வந்து வாசலில் நின்று கையாட்டினால்தான் போவேன் என்றாள் குழந்தை. நின்று ஆட்டினார். பிறகு நான் பார்த்ததைச் சொன்னேன்.

அவர் அப்படியே குந்திவிட்டார்.

"தூங்கறப்பப் போவாதீங்க. முழிச்சிருக்கறப்பச் சொல்லீட்டுப் போங்க" என்றேன்.

"அழுவுமுங்க டீச்சர்."

"அழுவட்டுமே."

"அழுதுதுன்னா எனக்குக் காலு நவுராதுங்க. அதுக்குத்தானுங்க தூங்க வெச்சுப்போட்டுப் போறது."

அதுவரைக்கும் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய அப்பா. குழந்தைக்கு அப்பாரு. ஊரில் ரிக் வண்டி வந்த காலத்திலேயே வண்டி ஏறியவர். எழுந்து வந்தார்.

"அதெல்லாம் ஆவாதுங்க டீச்சரம்மா. வண்டி பொறப்படறப்ப ஊட்டுப் பொம்பளப் புள்ள கண்ணுல தண்ணி வரக்கூடாதுங்க. இங்க தண்ணி வந்துதுன்னா போற எடத்துல போருல தண்ணி வராது. வெறும் புழுதிதான் வரும். ஒருக்கா எந்தங்கச்சி வண்டி முன்னால நின்னு அழுதுபோட்டா. அந்த நடை பூராப் புழுதி. போர் போடற ராடு வேற குழிக்குள்ள மாட்டிக்கிச்சு. அதுல இருந்து எங்கூட்டுல வண்டி பொறப்பட்டா பொம்பளைங்க சமயக்கட்ட விட்டு வரமாட்டாங்க. புள்ளைங்களத் தூங்க வெச்சுருவோம்."

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். ஒரு வண்டியின் பிழைப்பே தண்ணீர் வருவதில் இருக்கும்போது நம்பாமல் என்ன செய்வார்? இருந்தாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குந்தியிருந்த மகன் பேசினார், தலையைத் தூக்காமல்.

"நானும் தேடியிருக்கறனுங்க டீச்சர்."

"என்னடா?" என்றார் அப்பாரு.

"நீங்க போனப்பங்க அப்பா. முழிச்சுப் பாத்தா இருக்கமாட்டீங்க. மாட்டுக்கொட்டாயில போயித் தேடுவேன். வைக்கப்போருக்குப் பொறத்தால தேடுவேன். அப்பன் முட்டாய் வாங்கப் போயிருக்குதுன்னு அம்மா சொல்லும். முட்டாய்க் கடையில போயி நின்னுக்குவேன்."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"வண்டி பொறப்படறப்ப அழுவக்கூடாது, அவ்வளவுதானுங்களே? அப்ப அழுவறதுக்கும் ஒரு நல்ல நேரம் பாத்துக் குடுங்க! வண்டிப் பூசைக்கு முன்னாலயே நாங்க அழுது முடிச்சுக்கறோம்!"

குத்தலாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கிளம்பச் செருப்பை மாட்டினேன். பெரியவர் வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் போல என்று நினைத்தேன். போனவர் தினசரிக் காலண்டரைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிளம்பும் நாள் தாளைத் தேடி எடுத்து, விரலை வைத்துப் படித்தார்.

"பத்தரைக்கு மேல வண்டிக்குப் பூச. அதுக்கு முன்னால ஒம்பதுல இருந்து பத்து வரைக்கும் நேரம் நல்லாத்தான் இருக்குது. அதுக்குள்ளார அழுது முடிச்சுப்போடோணும். ஆனா ஊட்டு வாசல்ல வேண்டாமுங்க. உங்க பள்ளிக்கொடத்துல வெச்சுக்குங்க."

அழுகைக்கு முகூர்த்தம் குறித்து வாங்கிக்கொண்டு வந்த டீச்சர் இந்தச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அந்த அப்பாவை மையத்துக்கு வரச்சொன்னேன். பாயில் சப்பணம் போட்டு உட்காரவைத்தேன். விரல் தடிமனுக்குப் பொம்மை ஏறவில்லை, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். விளையாட்டு இதுதான். அப்பா பொம்மை பாப்பா பொம்மையிடம், நான் வண்டிக்குப் போகிறேன், பாயடியில் தேடாதே, குடத்துப் பின்னால் தேடாதே, நான் வண்டியில் இருப்பேன் என்று சொல்லவேண்டும். பாப்பா பொம்மை அழவேண்டும். பிறகு அப்பா பொம்மை 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவேண்டும். சொன்னபிறகுதான் செருப்பில் ஏறவேண்டும்.

முதல்நாள் அவள் அப்பா பொம்மையைச் செருப்பில் ஏறவே விடவில்லை. செருப்பைத் தூக்கி வெளியே வீசினாள். மறுநாள் ஏறவிட்டாள், உடனே இறக்கிவிட்டாள். ஏற்றுவதும் இறக்குவதுமாக மதியம் முழுவதும் போனது. கண்ணுக்குக் கீழே கீறல் பட்ட பையன் தன் செருப்பையும், ரிக்குக்குப் பின்னால் குழாய் ஏற்றிப்போகும் சப்போர்ட் வண்டி என்று கொண்டுவந்து பின்னால் நிறுத்தினான். சொல்லவேண்டிய இடத்தில் அந்த அப்பாதான் தடுமாறுவார். "போயிட்டு..." என்பார், நிறுத்திவிடுவார். "சொல்லு அப்பா" என்று அவள் முழங்காலில் தட்டுவாள். வாழ்நாளில் அந்த மனுசன் தன் பிள்ளையிடம் போயிட்டு வாரேன் என்று சொன்னதே இல்லை. கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், மாட்டிடம் சொல்லியிருக்கிறார், பெற்ற பிள்ளையிடம் இல்லை.

இதற்கிடையில் இமையைத் திறப்பது குறைந்தது. நின்றுவிடவில்லை. அவள் படுக்கவும் இல்லை. ஆயுத பூசைக்குப் பொரி, கடலை எல்லாம் வைத்து எங்கள் கூழ் மூஞ்சிகளுக்கும் பொட்டு வைத்தோம். வாசலில் நின்ற அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. நான் பொரியை அள்ளி அவர்கள் கையில் கொட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வண்டி கிளம்பும் நாள் வந்தது. நேரத்தோடு அப்பா வந்தார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. அம்மா தறிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பெரியவர் உள்ளே வரமாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை அன்று தன் பச்சைக் கீற்றை எங்கேயும் கட்டவில்லை. கையில் சுற்றி வைத்திருந்தாள்.

அப்பா அவள் முன்னால் மண்டி போட்டார். சுண்டுவிரலில் பொம்மை. ஆனால் பொம்மையைத் தூக்கவில்லை.

"சாமி, அப்பா இன்னைக்கு நெசமா வண்டிக்குப் போறேன். நெறைய நாளு ஆகும். பாயடியில தேடாத. மாட்டுக்கொட்டாயில தேடாத. அங்கயெல்லாம் அப்பா இருக்கமாட்டேன். வண்டியிலதான் இருப்பேன். போயிட்டு வாரேன் அம்மணி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஓங்கி அவர் தோளில் அடித்தாள். அடித்துவிட்டு விடுவிடுவென்று சுவரிடம் போய் மீசைக்காரனுக்கு அடியில் கீற்றைக் கட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், எனக்கு இன்னொண்ணு வேணும்" என்றாள். ஒரு மஞ்சள் கீற்றைக் கொடுத்தேன். அதை மூக்கொழுகிக்கு அடியில் கட்ட முயன்றாள். முடிச்சு விழவில்லை. கீற்று கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

என்ன அழுகை அது! இத்தனை நாளும், இதற்கு முன்னால் தூங்கி எழுந்து தேடிய நாளெல்லாமும் சேர்த்து அழுதாள். அப்பா ஓடிப்போய் வாரி எடுத்தார். அவரும் அழுதார். அம்மா அழுதாள். ஆயாம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து அழுதார், சாம்பார் அடிபிடித்தது. நான் அழுததைச் சொல்லவேண்டுமா? கண்ணுக்குக் கீழே கீறல் பட்ட பையன் விழுந்த மஞ்சள் கீற்றை எடுத்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு, அவளுக்காக மூக்கொழுகியின் ஆணியில் கட்டிவிட்டான்.

பத்து மணி தாண்டிவிட்டது. கேட்டைத் திறந்துகொண்டு பெரியவர் உள்ளே வந்தார். முடிந்தது, நேரம் ஆகிவிட்டது என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். வாசற்படியில் நின்றார். மகன் தோளில் முகம் புதைத்திருந்த பேத்தியைப் பார்த்தார். மகனையும் பார்த்தார். அவனைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேரங் கெடக்குது" என்றார். "அழுவட்டும்."

அழுது முடிந்ததும் அவளே இறங்கினாள். விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தாள். அப்பா கன்னத்தைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டாள். பூசை முடிந்து பூசணிக்காய் உடைத்து, எங்கள் ரோட்டு வழியாகத்தான் வண்டி போனது. பிள்ளைகள் எல்லாரையும் கேட் ஓரத்தில் நிறுத்தினேன். அவளுடைய அப்பா எட்டி ஹாரன் அடித்தார். அவள் கண்ணைக் கொட்டாமல், அந்தப் பெரிய வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தாள். அந்த நடையில் போருக்குத் தண்ணீர் வந்ததா என்று நான் பெரியவரிடம் இன்றுவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று மதியம் பாய் விரித்தோம். எல்லாரும் படுத்தார்கள். அவள் நின்றாள். நான் அவள் பாயில் போய் உட்கார்ந்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நீங்க போயிருவீங்களா?"

"போனா உங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போவேன்."

"நெசமா?"

"நெசமா."

படுத்தாள். என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இமை தாழும், திடுக்கென்று திறப்பாள், நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். அப்படியே எப்போது என்று தெரியாமல் இமைகள் மூடின. வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் பாய்க்கு வெளியே கிடக்க, எங்கள் மையத்தில் முதல்முதலாக அவள் தூங்கினாள்.

அந்தப் பொல்லாத போன் அப்போதுதான் அடிக்கவேண்டுமா? வட்டார அலுவலகத்தில் இருந்து. பிள்ளைகளின் எடைக் கணக்கோடு உடனே வரச்சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து வருகிறேன் என்றால் கேட்கவில்லை. போனை வைத்தேன். ஆயாம்மா கிசுகிசுத்தார். "மெதுவா முந்தானைய உருவிக்கிட்டுப் போங்க டீச்சர். அசந்து தூங்குது. முழிச்சா நாம் பாத்துக்கறேன். எழுப்பிப்போட்டீங்கன்னா பொறவு தூங்காது."

அது உண்மைதான். எழுப்பினால் தூங்காமல் போகலாம். இத்தனை பாடும் வீணாகிப் பழையபடி எல்லார் கண்ணையும் திறக்க ஆரம்பிக்கலாம். முந்தானை அவள் விரலில் தளர்வாகத்தான் இருந்தது. இழுத்தால் வந்துவிடும். நான் இழுக்கவில்லை.

குனிந்து அவள் தோளைத் தொட்டேன். "சாமி" என்றேன். "டீச்சர் ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்."

கண்ணைத் திறந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்து என் பக்கம் தள்ளினாள்.

"செரி. போயிட்டு வாங்க" என்றாள்.

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்து, அவளாகவே கண்ணை மூடிக்கொண்டாள்.